மேரி பிலிப்ஸ் எங்கே?

தீவாந்தரக் கைதி ஒருவர் தம் குலத்தின் முன்னோர் என்று ஏடுகளைப் புரட்டிக் கண்டறியும் ஆஸ்திரேலியர், இன்று அச்செய்தியை நண்பர்களை அழைத்துச் சொல்லிப் பெருமை கொள்கிறார். அவருடைய பாட்டனாரோ அதே செய்தியைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருப்பார். கைதிகளின் தீவு என்று பெயரெடுத்த வான் டீமன்ஸ் லாந்து, 1856ஆம் ஆண்டில் தன் பெயரையே மாற்றிக்கொண்டு டாஸ்மேனியா ஆயிற்று. பழைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த கறையைக் கழுவிவிட வேண்டும் என்னும் தவிப்பு அம்மாற்றத்திற்குப் பின்னால் இருந்தது. இன்று அக்கறையைத் தேடிப் பிடித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

வெட்கம் பெருமையாக மாறியதை முன்னேற்றம் என்று பலர் பாராட்டுகின்றனர். அப்பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. முன்பு கைதியின் பெயரை மறைத்தார்கள். இன்று கைதி செய்த குற்றத்தை மறைக்கிறார்கள். ஒருவரை நம்மவர் என்று ஏற்றுக்கொள்வதற்கு முன் அவர் மாசற்றவராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த நிபந்தனையை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1788 முதல் 1868 வரையிலான 80 ஆண்டுகளில் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏறத்தாழ 1,62,000 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர். இவர்களைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிக் குவித்த ஏடுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அச்சிறப்பு தகும். ஏழை எளியவரைப் பற்றி இத்துணை நுணுக்கமாக எழுதிவைத்த ஏடுகள் உலகில் அரிது. குறிப்பாக 1820களுக்குப் பின் வந்தவர்களுக்கு உயரம், கண்ணின் நிறம், முகத்துத் தழும்பு, கையில் குத்திய பச்சை, தெரிந்த தொழில், சார்ந்த சமயம், எழுத்தறிவு ஆகிய அனைத்தும் குறிக்கப்பட்டன. பெருமன்னர் பலருடைய உயரம் நமக்குத் தெரியாது. 1840களில் ஹோபார்ட் துறைமுகத்தில் இறங்கிய தையற்காரர் ஒருவரின் உயரமோ அங்குலக் கணக்கில் தெரியும். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக அளந்தார்கள், அவ்வளவுதான். கண்காணிப்பவனின் அளவுகோல் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பச் சொத்தாக மாறியிருப்பது வரலாற்றின் குறும்பு.

இந்த ஏடுகளை வைத்து அறிஞர்கள் நடத்திய வழக்கு நீண்டது. சுருங்கச் சொல்லிக் கடக்கிறேன். ஜார்ஜ் அர்னால்டு வுட் என்னும் பேராசிரியர் 1922இல், கைதிகள் கொடுமைக்கு ஆளான ஏழைகளே, உண்மைக் குற்றவாளிகள் இங்கிலாந்தின் ஆளும் வர்க்கத்தினரே என்று வாதிட்டார். மானிங் கிளார்க் 1950களிலும், எல். எல். ராப்சன் 1965இலும் இதை மறுத்து, பெரும்பாலோர் நகரங்களில் திருட்டையே பிழைப்பாகக் கொண்டவர்கள் என்றனர். 1988இல் வேறு சிலர் வந்து, அவர்கள் மற்றெல்லா உழைப்பாளிகளையும் போன்ற உழைப்பாளிகளே என்று எண்ணிக்கைகளைக் காட்டினர். மூன்று தரப்பாருக்கும் ஏடுகள் ஒன்றே. ஆனால் பொதுமக்கள் மனத்தில் நிலைத்துப்போனது முதல் தரப்பின் எளிய வடிவம்தான்: பசித்த பிள்ளைக்காக ஒரு ரொட்டித் துண்டைத் திருடியவரைக் கொடிய அரசு கடல் கடத்தியது. இக்கதை பாதி உண்மை. மறுபாதியை அறிய ஒரே ஒருவரின் வாழ்வை ஏடுகளின் வழியே தொடர்ந்து சென்றால் போதும்.

மேரி வேட் என்னும் பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் பலரும் அறிந்த பெயர் அது. 2007இல் பிரதமரான கெவின் ரட் அவருடைய வழித்தோன்றல். அவருடைய வழிவந்தோர் இன்று பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கதை சொல்வோர் வழக்கமாகச் சொல்வது இது: இலண்டன் தெருக்களைப் பெருக்கிப் பிச்சையெடுத்துப் பிழைத்த ஏழைச் சிறுமி, ஒரு கவுனைத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை, பின்பு நாடுகடத்தல், அந்நிய மண்ணில் 21 பிள்ளைகளைப் பெற்ற பெருந்தாய். சில நூல்கள் குற்றம் நடந்தபோது அவளுக்கு வயது 11 என்கின்றன. சில 13 என்கின்றன. பிறந்த ஆண்டாக 1777ஐயும் 1775ஐயும் ஆளுக்கொன்றாகச் சொல்வதால் வந்த வேறுபாடு இது. எவ்வயதாயினும் சிறுமிதான். கேட்பவர் கண் கலங்காமல் இருக்க முடியாது. கலங்கட்டும். ஆனால் கலங்கிய கண்ணோடு நீதிமன்ற ஏட்டையும் படிக்க வேண்டும்.

இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு விவரங்கள் 1674 முதல் 1913 வரை அச்சிட்டு வெளியிடப்பட்டவை. 2003 முதல் அவற்றைக் கணினியில் எவரும் இலவசமாகப் படிக்கத் தொடங்கினர். மேரி வேட் வழக்கு 1789 ஜனவரி 14 அன்று நடந்தது. குற்றம் நிகழ்ந்தது அதற்கு முந்தைய அக்டோபர் 5. ஏடு சொல்வது இதுதான்: மேரி வேடும், அவளைவிட மூத்தவளான ஜேன் ஒயிட்டிங்கும் சேர்ந்து ஒரு குழந்தையைக் கழிப்பறைக்குள் கொண்டுபோய், அவள் உடுத்தியிருந்த பருத்திக் கவுனையும் தோள் துணியையும் துணித் தொப்பியையும் களைந்து எடுத்துக்கொண்டார்கள். கவுன் அடகுக் கடைக்குப் போயிற்று. தோள் துணி மேரி வேடின் இருப்பிடத்தில் அகப்பட்டது. ஆடை பறிகொடுத்த குழந்தைக்கு வயது எட்டு. பெயர் மேரி பிலிப்ஸ்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தையைக் கழிப்பறைக் குழிக்குள் தள்ளிவிட எண்ணியதாகவும், தள்ளியிருக்கலாமே என்று இப்போது தோன்றுவதாகவும் மேரி வேட் பிடிபட்டபின் சொன்னாள் என்று சாட்சி ஒருவர் கூறியதும் அந்த ஏட்டிலேயே இருக்கிறது. சாட்சி மிகைப்படுத்தியிருக்கலாம். அச்சத்தில் சிறுமி வீம்பாகப் பேசியிருக்கலாம். அக்கால வழக்குகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்தவை. வழக்கு விவரங்களோ தெருவில் காசுக்கு விற்பதற்காக அச்சிட்டவை. குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு அவற்றில் பலவேளைகளில் சுருக்கப்பட்டது. இவை அனைத்தையும் கருதியே அவ்வாசகத்தை எடைபோட வேண்டும். ஆனால், எடைபோடுவது ஒன்று. கண்ணுக்குத் தெரியாமல் துடைத்துவிடுவது வேறொன்று.

மேரி வேடின் புகழைப் பாடும் வரலாறுகள் எத்தனையோ. அவற்றுள் பலவற்றில் மேரி பிலிப்ஸ் ஒரு கவுனாகச் சுருங்கிப்போகிறாள். "ஒரு கவுனைத் திருடியதற்காக" என்னும் தொடரை உற்று நோக்குங்கள். கவுனுக்குள் ஒரு குழந்தை இருந்தாள். அக்டோபர் மாதத்து இலண்டன் குளிரில் உள்ளாடையோடு நின்றாள். அவளும் செல்வர் வீட்டுக் குழந்தையாக இருந்திருக்க வழியில்லை. செல்வர் வீட்டுக் குழந்தைகள் எட்டு வயதில் அந்நகரத் தெருக்களில் தனியே திரிவதில்லை. ஏழை ஏழையைப் பறித்த கதை இது. இதைச் சொல்லத்தான் நமக்கு நா எழுவதில்லை. பணக்காரனின் ரொட்டியை ஏழை எடுத்தால் கதையில் சுவை இருக்கிறது. ஏழைக் குழந்தையின் சட்டையை ஏழைச் சிறுமி உரிந்தால் யாரை வில்லனாக்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறோம்.

அன்றைய சட்டத்தை நான் நியாயப்படுத்துகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். நூற்றுக்கணக்கான குற்றங்களுக்குத் தூக்குமேடையைப் பரிந்துரைத்த சட்டம் அது. பொதுவழியில் அச்சுறுத்திப் பறித்தல் என்னும் தலைப்பில் அடைத்தவுடன், சிறுமியின் வயதும் கவுனின் விலையும் பொருளற்றுப் போயின. தீர்ப்பு: மரணம். அத்தீர்ப்பு அநீதி. மேரி பிலிப்ஸுக்கு நேர்ந்ததும் அநீதி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு வேண்டும். முதலாவதைக் கண்டிப்பதற்காக இரண்டாவதை மறந்தாக வேண்டும் என்பது என்ன நியாயம்?

மரணத் தண்டனை எவ்வாறு மாறியது என்பதும் நம் சிந்தனைக்கு உரியது. மனநோயால் அல்லலுற்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நலம்பெற்றுவிட்டார் என்று 1789 மார்ச் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் விழா. அம்மகிழ்ச்சியின் பகுதியாக, தூக்குக்குக் காத்திருந்த பெண்களுக்கு நாடுகடத்தல் என்னும் சலுகை நீட்டப்பட்டது. அரசரின் அறிவு தெளிந்ததற்காக ஒரு சிறுமியின் கழுத்து தப்பியது. அவள் சிறுமி என்பதற்காகவோ, தண்டனை மிகை என்பதற்காகவோ அது நிகழவில்லை. அச்சலுகையை ஏற்க முதலில் மறுத்து, இங்கேயே சாகிறேன் என்று நீதிமன்றத்தில் நின்ற பெண்களும் உண்டு. ஓர் அரசு தன் இரக்கத்தைக் கொண்டாட்டத்தின் அலங்காரமாக வழங்கும்போது, பெறுபவர் அதை எவ்வாறு உணர்ந்தார் என்பதற்கு அந்த மறுப்பைத் தவிர வேறு சான்று தேவையில்லை.

1789 ஜூலை இறுதியில் 'லேடி ஜூலியானா' என்னும் கப்பல் பெண் கைதிகளோடு பிளிமத் துறையை விட்டுப் புறப்பட்டது. சிட்னி சேர்ந்தது 1790 ஜூன் 3. பத்து மாதங்களுக்கும் மேற்பட்ட கடற்பயணம். மேரி வேட் அக்கப்பலில் மிக இளையவள் எனப்படுகிறாள். இப்பயணத்தைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு, கப்பலில் பணிபுரிந்த ஜான் நிக்கல் என்பவர் 30 ஆண்டுகளுக்குப் பின், 1822இல், வெளியிட்ட தன்வரலாற்றிலிருந்து வருகிறது. கப்பலின் ஆண்கள் ஒவ்வொருவரும் கைதிகளுள் ஒரு பெண்ணை மனைவியாக எடுத்துக்கொண்டனர் என்றும், பெண்களுக்கு அதில் மறுப்பு இல்லை என்றும் அவர் எழுதுகிறார். அவரும் ஒருத்தியை எடுத்துக்கொண்டவரே. மறுப்பு இல்லை என்பதை அப்பெண்களுள் எவரும் எழுதிவைக்கவில்லை. பூட்டிய கப்பலில், உணவும் போர்வையும் ஆண்களின் கையில் இருக்க, மறுப்பு என்னும் சொல்லுக்கு என்ன இடம்? இந்தக் கப்பலை 'மிதக்கும் பரத்தையர் இல்லம்' என்று தலைப்பிட்டு 2001இல் வந்த ஆங்கில நூல் நன்றாக விற்றது. நூலாசிரியர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். அப்பெண்கள்பால் அவருக்குப் பரிவும் உண்டு. ஆயினும் அத்தலைப்பை என்னால் மன்னிக்க இயலவில்லை. ஒரு சிறுமி பயணம் செய்த கப்பல் அது.

சிட்னியில் இறங்கியபோது நடந்ததையும் கேளுங்கள். குடியேற்றம் பட்டினியில் கிடந்தது. உணவுக் கப்பலை எதிர்பார்த்துக் கடலை நோக்கியிருந்தவர்களின் கண்ணுக்கு முதலில் தென்பட்டது பெண் கைதிகளின் கப்பல். குடியேற்றத்தின் நீதி அதிகாரியாயிருந்த டேவிட் காலின்ஸ் பின்னர் எழுதிய நூலில், உணவுப் பொருளுக்குப் பதிலாக வந்த 222 பெண்களைத் தேவையற்ற, ஆதாயமற்ற சரக்கு என்னும் பொருள்படக் குறிப்பிடுகிறார். சரக்கு! பிறந்த நாட்டில் குற்றவாளி என்றார்கள். கப்பலில் மனைவி என்றார்கள். கரையில் சரக்கு என்றார்கள். எழுதியவர் மாறமாறப் பெயர் மாறுகிறது. எழுதப்பட்டவர் வாய் திறக்கவே இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேரி வேட் நார்ஃபோக் தீவுக்கு அனுப்பப்பட்டாள். அங்கு 1793இல் ஒரு மகளும் 1795இல் ஒரு மகனும் பிறந்தனர். பின்பு சிட்னிக்குத் திரும்பி, டீக் ஹாரிகன் என்னும் அயர்லாந்துக்காரரோடு ஒரு கூடாரத்தில் வாழ்ந்தார். அவர்களுக்கு 1803இல் ஒரு மகன். 1806இல் ஹாரிகன் திமிங்கில வேட்டைக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

இந்த 1806 என்னும் ஆண்டில் நான் சற்றே நிற்க வேண்டியிருக்கிறது. பரமட்டாவில் ஆங்கிலிக்கன் சபையின் குருவாக இருந்த சாமுவேல் மார்ஸ்டன் அவ்வாண்டு குடியேற்றத்துப் பெண்கள் அனைவரையும் ஒரு பட்டியலில் எழுதினார். பெயருக்கு எதிரே எழுத அவரிடம் இரண்டே சொற்கள் இருந்தன: மணமானவள், வைப்பாட்டி. 1,430 பெண்களுள் 395 பேர் மணமானவர். 1,035 பேர் வைப்பாட்டிகள். இப்பட்டியல் இலண்டனுக்குப் போயிற்று. அங்கே படித்தவர்கள் அதிர்ந்தார்கள். ஆஸ்திரேலியா ஒழுக்கக்கேட்டின் குகை என்னும் எண்ணம் பல பத்தாண்டுகளுக்கு இதனை ஆதாரமாகக் கொண்டது.

மார்ஸ்டன் எண்ணியதில் பிழை இல்லை, பிரித்ததில்தான் பிழை. அவருடைய சபையின் முறைப்படி மணந்தவர்கள் மட்டுமே அவர் கணக்கில் மணமானவர்கள். கத்தோலிக்கர்களும் யூதர்களும் தங்கள் முறைப்படி செய்துகொண்ட திருமணங்கள் அக்கணக்கில் ஏறா. பல ஆண்டு ஒரே கணவரோடு வாழ்ந்து பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணும் வைப்பாட்டியே. நேற்று ஒருவரிடமிருந்து இன்று இன்னொருவரிடம் போனவளும் வைப்பாட்டியே. கைம்பெண்ணும் அந்த இரண்டு கட்டங்களுள் ஏதேனும் ஒன்றில் அடைபட்டாக வேண்டும். கத்தோலிக்கருக்கு அப்போது குரு உண்டா என்றால் அதுவும் பரிதாபக் கதை. கைதியாக வந்த ஜேம்ஸ் டிக்சன் அடிகளார் 1803 மே 15 அன்று சிட்னியில் அரசின் இசைவோடு பொதுத் திருப்பலி நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அயர்லாந்துக் கைதிகள் காசில் ஹில் என்னுமிடத்தில் கிளர்ந்தெழவே, அந்த இசைவு பறிக்கப்பட்டது. அரசு ஏற்ற கத்தோலிக்கக் குருக்கள் இருவர், தெரியும் கொனோலியும், 1820இல்தான் வந்து சேர்ந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் மக்கள் குருவின்றித் தவித்தபோது, அவர்களுடைய இல்லற வாழ்வுக்கு வைப்பு என்று முத்திரை குத்தியவர் கையில் இருந்தது ஒரு குருவின் பேனா.

பிறசபைக் குருவைச் சாடுவது எளிது. நம்மவர் கைகளிலும் பேனா இருந்தது. நம் நாட்டுப் பழைய பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் "தந்தை அறியப்படாதவர்" என்று இலத்தீனில் அழகிய கையெழுத்தில் எழுதியிருக்கும். சாதியையும் எழுதிய ஏடுகள் உண்டு. எழுதிய கைக்கு அது ஒரு நொடி வேலை. எழுதப்பட்ட குழந்தைக்கு அது திருமண ஓலை வாசிக்கும் நாள்வரை தொடர்ந்தது.

ஆஸ்திரேலியக் கத்தோலிக்கர் போற்றும் வில்லியம் உல்லதோர்ன் அடிகளாரும் இவ்விசாரணைக்கு விலக்கல்லர். பெனடிக்ட் சபைத் துறவியான அவர் 1834இல் நார்ஃபோக் தீவுக்குச் சென்று, கிளர்ச்சி செய்து மரணத் தண்டனை பெற்ற கைதிகளைச் சந்தித்தார். சாவிலிருந்து தப்பியவர்கள் அழுததையும், சாகப் போகிறவர்கள் முழந்தாளிட்டு நன்றி கூறியதையும் உலகுக்குச் சொன்னவர் அவர். 1838இல் இலண்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் நாடுகடத்தல் முறைக்கு எதிராகச் சாட்சியம் சொன்னார். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இல் நின்றதில் அவருக்கும் பங்குண்டு. தலைவணங்குகிறேன். ஆயினும் அம்முறையை ஒழிக்கும் வேகத்தில் குடியேற்றம் முழுவதையும் பாவச் சேறாகவே அவர் தீட்டினார். திரும்பி வந்தபோது, விடுதலை பெற்றுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த பழைய கைதிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அவர்மீது சினம் கொண்டிருந்ததில் வியப்பில்லை. கொடுமையை எதிர்ப்பவரும் சிலவேளை கொடுமைக்கு ஆளானவரை ஒரு சான்றுப் பொருளாகவே பயன்படுத்திவிடுகிறார்.

மேரி வேடுக்குத் திரும்புவோம். 1809 முதல் ஜோனத்தன் புரூக்கர் என்னும் மற்றொரு கைதியோடு அவருடைய வாழ்வு தொடர்கிறது. 1817இல் இருவரும் முறைப்படி மணந்தனர். மார்ஸ்டன் வகுத்த இரு கட்டங்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அன்று அவர் மாறியிருப்பார். அடுப்படியில் எதுவும் மாறியிருக்காது. கேம்பெல்டவுனை ஒட்டிய ஏர்ட்ஸ் பகுதியில் பயிர் செய்தார்கள். 1823இல் காட்டுத் தீ அனைத்தையும் எரித்தது. ஆளுநருக்கு உதவி கேட்டு மனு எழுதினார்கள். 1828 அளவில் இல்லவாரா பகுதியில் 62 ஏக்கர் நிலம் அவர்கள் வசம் இருந்தது.

இந்த 62 ஏக்கரைக் கண்டதும் கதை சொல்வோர் மகிழ்ச்சியோடு முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். தெருப் பெருக்கிய சிறுமி நிலக்கிழத்தி ஆனாள்! நான் இன்னும் ஒரு கேள்வி கேட்கிறேன். இல்லவாரா தாராவல் என்னும் பழங்குடி மக்களின் நிலம். ஏர்ட்ஸை அடுத்த ஆப்பினில் 1816 ஏப்ரல் 17 அன்று ஆளுநர் மக்குவாரி அனுப்பிய படை, இரவில் அம்மக்களைத் தாக்கி, பெண்கள் குழந்தைகள் உட்பட 14 பேரையாவது கொன்றது. புரூக்கர் குடும்பத்தார் அதைச் செய்யவில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த மண் வெறுமையாய்க் கிடந்த மண் அன்று. கைதிகளின் கண் நிறத்தைக்கூட எழுதத் தெரிந்த அரசு, அந்த இரவில் இறந்தவர்களுள் பெரும்பாலோரின் பெயரைக்கூட எழுதவில்லை.

எழுதப்படாமை நம்மையும் தொட்ட ஒன்றே. அதே பேரரசு சென்னை மாகாணத்துக் கைதிகளைப் பென்கூலனுக்கும் பினாங்குக்கும் அனுப்பியது. 1825 முதல் சிங்கப்பூருக்கும் அனுப்பியது. நம்மவர் நெற்றியில் குற்றத்தின் பெயரைப் பச்சையாகக் குத்தி அனுப்பினார்கள். 1849இல்தான் அவ்வழக்கம் நின்றது. சிங்கப்பூரில் 1862இல் அபிஷேகம் செய்யப்பட்ட புனித அந்திரேயா ஆலயம் இந்தியக் கைதிகளின் கைகள் கட்டியது. இலண்டன் கைதியின் கொள்ளுப்பேத்தி தன் வீட்டிலிருந்தே மூதாட்டியின் வழக்கைப் படிக்கிறாள். நெற்றியில் எழுத்தோடு கப்பலேறிய தமிழரின் வழிவந்தோருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஒருவனுக்கு ஏட்டில் எழுதினார்கள், மற்றவனுக்குத் தோலில் எழுதினார்கள். தோல் மண்ணோடு போயிற்று.

ஜோனத்தன் புரூக்கர் 1833இல் இறந்தார். மேரி 1859 டிசம்பரில், உல்லங்காங் அருகே ஃபேரி மெடோவில் காலமானார். எண்பது வயதைக் கடந்தவர். பெற்ற பிள்ளைகள் 21 பேர் என்பது குடும்ப வரலாறு. இறக்கும்போது உயிரோடிருந்தவர்கள் எழுவர். பேரர், கொள்ளுப்பேரர் என ஐந்து தலைமுறையில் முந்நூறு பேருக்கு மேல் அவர் கண்முன் இருந்தார்கள்.

"தந்தையே, அறுபது ஆண்டுக்கு மேல் உழைத்து வாழ்ந்த மூதாட்டியின் சிறுவயதுக் குற்றத்தை இன்று ஏன் கிளற வேண்டும்? அது அன்பாகுமா?" என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் மறுமொழி கடுமையாகவே இருக்கும். அக்குற்றத்தை நீக்கிவிட்டுத்தான் அவரை நேசிக்க முடியும் என்றால், நீங்கள் நேசிப்பது அவரை அன்று. உங்கள் கற்பனையில் பிறந்த வேறொருத்தியை. லூக்கா நற்செய்தியில் சிலுவையில் தொங்கும் கள்வனை நினைத்துப் பாருங்கள். தான் குற்றமற்றவன் என்று அவன் வாதாடவில்லை. தனக்குக் கிடைத்த தண்டனை தன் செயலுக்கு உரியது என்று ஒப்புக்கொண்ட பிறகே வாக்குறுதி பெற்றான். அவன் திருடவே இல்லை, ரோமையர் பொய் வழக்குப் போட்டார்கள் என்று நாம் கதை கட்டினால், அந்த வாக்குறுதிக்கு அங்கே என்ன வேலை?

இது பழங்கதை அன்று. சிறையிலிருந்து திரும்பிய ஒருவர் நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "உண்மையிலேயே செய்தானா, மாட்டிவிட்டார்களா?" மாட்டிவிட்டார்கள் என்று யாரேனும் உறுதி சொன்னால் கை குலுக்குகிறோம். செய்தான் என்று தெரிந்தால் இடம்விட்டு உட்காருகிறோம். அவனுடைய மகளுக்கு வரன் பேசும்போதும் இதே கேள்விதான். செய்தவனுக்கு நம்மிடம் இடமே இல்லை. அவனால் பாதிக்கப்பட்ட குடும்பமோ, மாட்டிவிட்டார்கள் என்ற பேச்சு பரவிய மறுநாளே பொய்யர் குடும்பமாகிவிடுகிறது. இரு தரப்பாரையும் ஒரே கோயிலில் உட்காரவைக்கும் வழியை நாம் இன்னும் கற்கவில்லை.

ஆகவே முன்னோரைத் தேடி ஏடு புரட்டும் ஆஸ்திரேலிய அன்பர்களிடம் என் கோரிக்கை ஒன்றே. மேரி வேடின் குலமரத்தை அச்சிடுங்கள். 21 பிள்ளைகளின் பெயரையும் போடுங்கள். பிரதமர் பெயரையும் போடுங்கள். அம்மரத்தின் வேரில், 1788 அக்டோபர் 5 என்று தேதியிட்டு, மேரி பிலிப்ஸ், வயது எட்டு என்றும் எழுதுங்கள். நாடு கடத்தப்பட்டவருக்கு அரசு வாழ்நாள் முழுவதும் ஏடு வைத்தது. ஆடை பறிகொடுத்தவளுக்கு அந்த நீதிமன்றத்து ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது.